எட்டுப் புள்ளி முகூர்த்தம்

மேலக்கருங்குடியில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் முதலில் போய் இறங்குவது பாத்திரக்கார வீட்டு அண்டாதான். அண்டா, குண்டான், வாளி, கரண்டி, ஜமுக்காளம், பந்தல் மூங்கில் எல்லாம் அந்த வீட்டில் வாடகைக்குக் கிடைக்கும். அங்கே இல்லாதது கல்யாணம் ஒன்றுதான்.

அண்ணன் தம்பிகள் நான்கு பேர். மூத்தவர் ஆவுடையப்பன். அடுத்தவர் குற்றாலம், அதற்கடுத்தவர் வன்னியப்பன், கடைசி பால்வண்ணம். மூத்தவருக்கு ஆகாமல் இளையவருக்கு ஆகக்கூடாது. ஆகவே ஆவுடையப்பனுக்குப் பின்னால் மற்ற மூவரும் ரேஷன் கடையில் நிற்பதுபோல வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். வரிசை நகரவே இல்லை. ஆவுடையப்பனுக்கு மீசை நரைத்தது. பால்வண்ணத்துக்கே முன்தலையில் முடி பின்வாங்க ஆரம்பித்திருந்தது.

நல்ல குணம் இல்லாமல் இல்லை. சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அதுதான் கஷ்டம். போன வருஷம் பக்கத்து ஊரில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனார்கள். பெண்ணின் தகப்பனார் வாசலிலேயே கும்பிட்டு, “வந்தவங்க கை நனைக்காமப் போகக்கூடாது” என்றார். நான்கு பேரும் நேராகக் குழாயடிக்குப் போனார்கள். ஆளுக்கு இரண்டு கையையும் நன்றாக நனைத்துக்கொண்டார்கள். துண்டில் துடைத்துக்கொண்டு, “நனைச்சாச்சு, வாறோம்” என்று கிளம்பி வந்துவிட்டார்கள். உள்ளே இருபது இலை போட்டுவைத்திருந்த அந்த வீட்டில் அன்றைக்கு என்ன நடந்தது என்று இவர்களுக்குக் கடைசிவரை தெரியாது. சம்மதம் வரவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

“நல்லாத்தான நனைச்சோம்?” என்று ஆவுடையப்பன் பல நாள் யோசித்தார்.

தரகர் கொம்பையா பொறுமைசாலி. இருந்தாலும் அந்தப் புதன்கிழமை அவர் வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது.

“ஆவுடையப்பன், நல்லாக் கேளும்வே. நாக்பூர்ல ஒரு பொண்ணு இருக்கு. பேரு உலகம்மாள். நம்ம பக்கத்து ஆளுகதான். அப்பா அனவரதம் அங்க முறுக்கு, சீடை போட்டு விக்காரு. பொண்ணுக்கும் வயசு கொஞ்சம் தாண்டிப்போச்சு. உமக்கும் தாண்டிப்போச்சு. ரெண்டு பேரும் தாண்டின எடத்துல சந்திச்சுக்கிடுங்க.”

ஆவுடையப்பனுக்குக் காது சூடாயிற்று. “எப்பம் போய்ப் பாக்கணும்?”

“நீர் போகவே வேண்டாம். நீர் போனா காரியம் கெட்டுரும். வார ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு அவுகளே போன்ல வீடியோ போட்டுக் கூப்புடுவாங்க. முகத்தப் பாத்ததும், ‘பிடிச்சிருக்கு’ன்னு சொல்லிரும். யோசிச்சுக்கிட்டு நிக்காதீரும். ஆனா இந்த வீட்டுக்குள்ள டவர் கிடையாது, ஒரு போன் பேசணும்னாலே தெருமுனைக்கு ஓடுதீரு. அதனால வைஃபை இழுத்துப் போடும்.”

“எங்கன இருந்து இழுக்கணும்?” என்று குற்றாலம் வேட்டியை மடித்துக் கட்டினார்.

“நீரு இழுக்க வேண்டாம்வே! ஆள் வருவான், அவன் இழுப்பான்.” கொம்பையா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “இதும் போச்சுன்னா இந்த வீட்டுக்கு இனிப் பொண்ணு கிடையாது. நாக்பூருக்கு அந்தப் பக்கம் எனக்கு யாரையும் தெரியாது.”

அன்று சாயங்காலம் ஆவுடையப்பன் பாத்திர அறைக்குள் தனியாகப் போனார். அங்கே ஆனை அண்டா இருந்தது. ஆயிரம் பேருக்குச் சாம்பார் கொதிக்கிற அண்டா. அதன் பளபளத்த வயிற்றில் தன் முகத்தைப் பார்த்தார். முகம் இரண்டு முழ அகலத்துக்கு விரிந்து தெரிந்தது. “பிடிச்சிருக்கு” என்று சொல்லிப் பார்த்தார். அகலமான முகமும் பிடித்திருக்கிறது என்றது. கொஞ்சம் தெம்பு வந்தது.

வியாழக்கிழமை வைஃபை போட வந்தவர் பெயர் ஜெபசிங். வந்ததிலிருந்து அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. கம்பத்திலிருந்து வயரை இழுத்து, இரண்டு கொம்பு வைத்த ஒரு வெள்ளைப் பெட்டியில் சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது. நான்கு பேரும் கோயில் நடை திறந்த மாதிரி கைகட்டி நின்றார்கள்.

“அண்ணாச்சி, நல்லாக் கேட்டுக்கிடுங்க” என்றார் ஜெபசிங். “பெட்டிய வீட்டுக்கு நட்டநடுவுல, நல்ல உயரத்துல வைங்க. மழைத்தண்ணி படக்கூடாது. அடியில ஒட்டியிருக்கிற பாஸ்வேர்டு எல்லாருக்கும் தெரிஞ்சது, அத மாத்தணும். எட்டு எழுத்து. யாராலயும் கண்டுபிடிக்க முடியாததா வைங்க. யார்ட்டயும் சொல்லாதீங்க. சொன்னா தெருவே உங்க நெட்டுல உக்காந்திரும். அடிக்கடி மாத்திக்கிடுங்க. இந்தா, உங்க போன்ல அந்தப் பக்கத்தத் திறந்து வச்சிருக்கேன். இதுல அடிச்சு சேவ் கொடுத்தாப் போதும்.”

பால்வண்ணம் எப்படித் திறந்தது என்று எட்டிப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டார். குற்றாலம் மட்டும் வாசல்வரை பின்னால் ஓடினார்.

“தம்பி, யார்ட்டயும்னா வீட்டுல உள்ளவங்ககிட்டயுமா?”

ஜெபசிங் பைக்கை உதைத்துக்கொண்டே, “யார்ட்டயும் அண்ணாச்சி!” என்று கத்திவிட்டுப் போய்விட்டார்.

ஜமுக்காளம் விரித்து நான்கு பேரும் உட்கார்ந்தார்கள்.

“அண்ணே, நீங்கதான் மூத்தவுக. நீங்களே எட்டு எழுத்து வச்சிருங்க” என்றார் பால்வண்ணம்.

“நான் வச்சா எனக்குத் தெரிஞ்சிருமேலே.”

“உங்களுக்குத் தெரிஞ்சா என்ன?”

“யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்கு. நான் மனசுக்குள்ள நினைச்சா, எனக்கு நானே சொல்லிக்கிட்ட மாதிரிதான?”

இது எல்லோருக்கும் உறைத்தது. பிறகு வன்னியப்பன் தொண்டையைச் செருமினார். பாத்திரங்களோடு வெளியூர் போய்வருகிறவர், உலகம் தெரிந்தவர்.

“ஆனை அண்டாவ இத்தன வருசமா யாராவது திருடியிருக்கானா?”

“இல்ல.”

“ஏன் திருடல?”

“நாலு பேரு சேந்து தூக்கணும். ஒருத்தனால முடியாது.”

“அவ்வளவுதான். பாஸ்வேர்டையும் நாலு பேரு தூக்குற மாதிரி வைப்போம். எட்டு எழுத்து, நாலு பேரு. ஆளுக்கு ரெண்டு எழுத்து. அவனவன் ரெண்டு அவனவனுக்கு. முழுசா யாருக்கும் தெரியாது. நமக்கே தெரியாதத எவன் கண்டுபிடிப்பான்?”

ஆவுடையப்பன் தம்பியைத் தட்டிக்கொடுத்தார். இவ்வளவு மூளையுள்ளவன் தனக்காகக் கல்யாணமில்லாமல் காத்திருக்கிறானே என்று கண் கலங்கிற்று.

ஒருவர் எழுத்தைத் தட்டும்போது மற்ற மூவரும் தலையில் ஆளுக்கொரு குண்டானைக் கவிழ்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. முதலில் ஆவுடையப்பன் தட்டினார். அடுத்துக் குற்றாலத்தின் முறை.

“அண்ணே!” என்று குற்றாலம் கத்தினார். “நான் ஏழு அமுக்குனேன், இதுல புள்ளியா வருது!”

மூன்று குண்டான்களும் அவர் பக்கம் திரும்பின.

“சொல்லிட்டியேலே பாவி” என்றார் ஆவுடையப்பன், குண்டானை எடுக்காமலே.

“எனக்கு ரெண்டு தடவ கேட்டுது” என்றார் வன்னியப்பன். “குண்டானுக்குள்ள எதிரொலிக்கி.”

குண்டான்களை இறக்கிவைத்துவிட்டு மறுபடியும் ஆலோசித்தார்கள். அதை அழித்துவிட்டு வேறு ஒன்றைத் தட்டலாமே என்றார் பால்வண்ணம். மனசில் முதலில் வந்ததை மாற்றுவது சகுனத்துக்கு ஆகாது என்றார் குற்றாலம். கடைசியில், கேட்ட மூவரும் ஏழு என்ற எண்ணையே மறந்துவிடுவது என்று தீர்மானமாயிற்று. மூவரும் கண்ணை மூடி மறந்தார்கள். அன்று மாலை கரண்டிகளை எண்ணும்போது ஆறுக்குப் பிறகு எட்டு வந்தது. கரண்டி ஒன்று கூடிவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

மொத்தம் எட்டுப் புள்ளிகள் வந்தன. போனில் நெட் வந்தது. ஆவுடையப்பன் அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏதோ மாக்கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி மங்களகரமாக இருந்தது.

அடுத்தது நட்டநடு. பந்தல் கயிற்றால் வீட்டை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்தார்கள். நடு, வானம் பார்த்த முற்றத்தில், துணி துவைக்கிற கல்லுக்கு நேர் மேலே வந்தது. அதற்கென்ன செய்வது, வந்தது வந்ததுதான். மூன்று மூங்கிலை நிறுத்தி உச்சியில் கட்டி, கப்பி மாட்டி, பெட்டியைக் கயிற்றில் ஏற்றினார்கள். பந்தல் வேலை கைவந்த வேலை. ஓட்டுக்கு மேலே போய் நின்றது பெட்டி. ஒரு காக்கா வந்து கொம்பின்மேல் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தது.

“இத உள்ள விட்டது யாருலே?” என்று ஆவுடையப்பன் கேட்டார். யாரும் பாஸ்வேர்டைச் சொல்லவில்லை என்று மூவரும் சத்தியம் செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை மேற்கே மேகம் திரண்டது. மழைத்தண்ணி படக்கூடாதே. குற்றாலம் குடை கட்டலாம் என்றார். காற்றடித்தால் குடை போய்விடும். தார்ப்பாய் கட்டினால் மூங்கில் சாயும். ஆவுடையப்பன் ஆனை அண்டாவை நினைத்தார். எத்தனை மழையில் எத்தனை கல்யாணங்களைக் காப்பாற்றிய அண்டா! பெட்டியை அதற்குள் வைத்து, வயரை மூடியின் நெளிவு வழியாக விட்டு, நான்கு பேரும் ‘ஐலசா’ போட்டு உச்சிக்கு ஏற்றிக் கட்டினார்கள். பக்கத்தில் ஏணியும் சாத்திவைத்தார்கள்.

“அண்ணே, நெட்டக் காணோம்” என்றார் பால்வண்ணம், போனைப் பார்த்து.

“எங்கலே போயிரும்? மூடிதான இருக்கு. உள்ளதான் இருக்கும்.”

ஆவுடையப்பன் போனோடு ஏணியில் ஏறி, மூடியைத் தூக்கி, தலையை உள்ளே விட்டார். நெட் இருந்தது. வெளியே எடுத்து மூடினார். இல்லை. உள்ளே விட்டார். இருந்தது. கீழே பார்த்துச் சிரித்தார்.

“ஒரு சொட்டுகூட வெளிய சிந்தல!”

அந்த நேரம் பக்கத்து வீட்டுத் தையல்காரர் சுவர்மேல் எட்டிப் பார்த்தார். “அண்ணாச்சி, நேத்து உங்க வைஃபை பேரு என் போன்ல தெரிஞ்சுது. இன்னைக்குத் தெரியல. கெட்டுப்போச்சா?”

ஆவுடையப்பன் ஏணியிலிருந்து இறங்கிவர, நான்கு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கிக்கொண்டார்கள்.

தையல்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. “அப்போ நீங்க எப்படி நெட்டு பாப்பீக?”

“உள்ள இறங்கித்தான்” என்றார் ஆவுடையப்பன். அதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல. கிணற்றில் தண்ணீர் இருந்தால் வாளிதானே இறங்க வேண்டும்.

இறங்கியும் பார்த்தார். ஆயிரம் பேர் சாம்பாருக்கு இடமிருக்கிற அண்டாவில் ஒரு மாப்பிள்ளைக்கு இடமில்லாமல் போகுமா? பெட்டியை மடியில் வைத்து, முழங்காலை மடக்கிக்கொண்டால் சௌகரியமாகவே இருந்தது. கொஞ்சம் புளி வாசனை.

சனிக்கிழமை காலையில் பால்வண்ணம் ஞாபகப்படுத்தினார். “பாஸ்வேர்ட அடிக்கடி மாத்தணும்னு சொன்னானே. அடிக்கடின்னா எத்தன நாளைக்கு ஒருக்க?”

“அடிக்கடின்னா அடிக்கடிதான்” என்றார் குற்றாலம். “பாயாசத்த அடிக்கடி கிண்டணும்னு சமையல்காரத் தவசிப்பிள்ளை சொல்லுவாருல்லா. அந்த அடிக்கடி.”

“கைய எடுத்தா அடிபிடிச்சுருமே!”

“அதான் சொல்லுதேன்.”

ஆகவே கையை எடுக்காமல் மாற்றினார்கள். ஒருவர் ஏணியில் ஏறி அண்டாவுக்குள் இறங்கி, மூடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு எழுத்தைத் தட்டிவிட்டு, போனை உள்ளேயே வைத்துவிட்டு இறங்குவார். அடுத்தவர் ஏறுவார். நாலாமவர் சேவ் கொடுத்ததும் போன் புதுப் பாஸ்வேர்டைக் கேட்கும்; அதற்கும் ஒரு சுற்று ஏறி இறங்கிவிட்டு, மறுபடி முதலிலிருந்து. அண்டாவுக்குள் ஒரே நேரத்தில் ஒரு ஆள்தான் கொள்ளும் என்பதால் தலைக்குக் குண்டான் தேவைப்படவில்லை. பாதுகாப்பு இன்னும் கூடியிருப்பதை ஆவுடையப்பன் கவனித்தார். பொழுது சாயும்போது நான்கு பேருக்கும் முழங்கால் விட்டுப்போயிற்று. கடைசியாக ஒரு தடவை மாற்றிவிட்டு, ஏணியடியில் விழுந்து படுத்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் வன்னியப்பன் பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் பாத்திரங்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பது மணிக்கே ஆவுடையப்பன் தயார். சலவை வேட்டி, புதுச் சட்டை, நெற்றியில் சந்தனம். கொம்பையா சொன்ன வார்த்தையை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிக்கொண்டு, ஏணியில் ஏறி, அண்டாவுக்குள் அமர்ந்து போனைத் திறந்தார். போன் பாஸ்வேர்டு கேட்டது. நேற்றுக் கடைசியாக மாற்றிய பாஸ்வேர்டு.

தன் இரண்டு எழுத்தைத் தட்டினார். இறங்கினார். குற்றாலம் ஏறித் தட்டினார். இறங்கினார். பிறகு மூவரும் ஏணியடியில் நின்று, நாலாவது ஆளைத் தேடினார்கள்.

“வன்னியப்பன் எங்கலே?”

நாக்பூருக்கு அந்தப் பக்கம் கொம்பையாவுக்கு யாரையும் தெரியாது. ஆவுடையப்பன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, குற்றாலத்தின் போனோடு தெருமுனைக்கு ஓடினார்.

“வன்னியப்பா! உன் ரெண்டு எழுத்து என்னலே?”

போனில் நாதஸ்வரச் சத்தம். “யாருட்டயும் சொல்லக்கூடாதுல்லாண்ணே.”

“நான் அண்ணம்லே!”

“குரல் அண்ணன் மாதிரிதான் இருக்கு. ஆனா அண்ணனா இருந்தாக் கேக்க மாட்டாருல்லா?”

ஆவுடையப்பன் தலையாட்டினார். தம்பி சொல்வது நியாயம். அவர் கேட்டிருக்கக்கூடாதுதான்.

“சொல்லாண்டாம்” என்றார். “உடனே கிளம்பி வா.”

பாத்திரக்கார வீட்டில் அப்பா காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. பாத்திரத்தோடு போனவன் பாத்திரத்தோடுதான் திரும்ப வேண்டும். நடுவில் விட்டுவிட்டு வரக்கூடாது. வன்னியப்பன் அந்த வழக்கத்தை ஒருநாளும் மீறியதில்லை. அன்றும் மீறவில்லை.

அரைமணி நேரத்தில் வேன் வாசலில் வந்து நின்றது. தெருவெல்லாம் சாம்பார் மணம். ஒரு அண்டாவில் சாதம், ஒன்றில் சாம்பார், ஒன்றில் அவியல், பெரிய உருளியில் பாயாசம். எல்லாம் ஆவி பறந்துகொண்டிருந்தன.

“என்னலே இது?”

“பாத்திரம்ணே.”

“உள்ள இருக்கிறது?”

“அது அவுகளோடது. கீழ கொட்டவா முடியும்? அன்னம்லா.”

பின்னாலேயே மூன்று பைக்குகள். முதல் பைக்கில் கரண்டியோடு தவசிப்பிள்ளை. இரண்டாவதில் அந்தக் கல்யாண மாப்பிள்ளையின் தாய்மாமன். அதற்குப் பின்னால், என்ன ஏதென்று தெரியாமல் கிளம்பிய பாதிக் கல்யாண வீடு, ஆட்டோக்களில்.

“எவம்லே சாம்பாரத் தூக்கிட்டு வந்தவன்?” என்று தாய்மாமன் முற்றத்துக்குள் பாய்ந்தார்.

“ஒரு நிமிசம் இருங்க அண்ணாச்சி” என்றார் வன்னியப்பன் பணிவாக. ஏணியில் ஏறி, அண்டாவுக்குள் இறங்கி, மூடியைப் போட்டுக்கொண்டார். தாய்மாமன் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். கோபத்தை எங்கே வைத்துவிட்டு வந்தோம் என்று அவருக்கு மறந்துவிட்டது. வன்னியப்பன் இறங்கினார், பால்வண்ணம் ஏறினார். பால்வண்ணம் இறங்கினார், சந்தனப் பொட்டோடு ஆவுடையப்பன் ஏறினார். மூடி விழுந்த அடுத்த நொடியில் அண்டாவுக்குள் போன் மணி அடித்தது. கோயில் மணி மாதிரி ஊரெல்லாம் கேட்டது.

ஆவுடையப்பன் பச்சையை அமுக்கினார். திரை முழுக்க ஒரே கறுப்பு.

யோசிக்கக்கூடாது என்று கொம்பையா சொல்லியிருந்தார்.

“பிடிச்சிருக்கு” என்றார் ஆவுடையப்பன்.

“வணக்கம் மாப்பிள்ளை” என்றது ஒரு வயதான குரல். “நான் அனவரதம். பொண்ணு பக்கத்துலதான் இருக்கா. தெரியுதா?”

ஆவுடையப்பன் உற்றுப் பார்த்தார். அடக்கமான இருட்டு. “நல்லாத் தெரியுது மாமா. அமைதியான முகம்.”

“போன் கேமராவ எப்பவும் மூடி வைக்கணும்னு இங்கன ஒருத்தரு சொன்னாரு. கண்டவன் பாத்துருவானாம். வாங்குன அன்னைக்கே அது மேல ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியாச்சு. இன்னைவரைக்கும் எடுக்கல.”

இப்படி ஒரு குடும்பம் இருக்கிறதா என்று ஆவுடையப்பனுக்கு மெய்சிலிர்த்தது.

“ஆமா, உங்க பக்கமும் இருட்டா இருக்கே மாப்பிள்ளை? பொட்டா?”

“இல்ல மாமா. நான் அண்டாவுக்குள்ள இருக்கேன்.”

“எதுக்கு?”

“பாதுகாப்புக்கு.”

அந்தப் பக்கம் ஏதோ கிசுகிசுத்தார்கள். இதுவும் போயிற்று என்று ஆவுடையப்பன் நினைத்தபோது, ஒரு பெண் குரல் மெதுவாகக் கேட்டது.

“மூடி போட்டிருக்காங்களான்னு கேளுங்கப்பா.”

“போட்டிருக்கேன்” என்றார் ஆவுடையப்பன்.

“அப்பம் சரி” என்றாள் உலகம்மாள்.

அண்டாவுக்குள் ‘அப்பம் சரி, அப்பம் சரி’ என்று வெகுநேரம் சுற்றியது. ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கீழே இதற்குள் வேறொரு முடிவு ஏற்பட்டிருந்தது. சாதம் ஆறிக்கொண்டிருந்தது, திரும்ப ஏற்றிக்கொண்டு போனால் சாம்பார் தளும்பும். வந்தவர்களை இங்கேயே உட்காரவைத்துவிடலாம் என்று தவசிப்பிள்ளை சொல்ல, குற்றாலம் ஜமுக்காளம் விரித்தார். இலை விழுந்தது.

“அங்கன என்ன சத்தம்?” என்றார் அனவரதம்.

“கல்யாணப் பந்தி மாமா.”

“அதுக்குள்ளயா! நல்ல சுறுசுறுப்பு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “முகூர்த்தத் தேதி நான் பஞ்சாங்கம் பாத்துக் குறிச்சு வச்சிருக்கேன். ஆனா வெளிய தெரிஞ்சா கண்ணு பட்டுரும். இவளுக்கு ஏற்கெனவே ரெண்டு இடம் அப்படித்தான் தட்டிப்போச்சு. தேதிய யார்ட்டயும் சொல்லக்கூடாது.”

“யார்ட்டயுமா?”

“யார்ட்டயும்.”

ஆவுடையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலை மூடியில் இடித்தது. தன் வாழ்நாளில் முதல்முறையாக, ஒருவர் கேட்பதற்குத் தன்னிடம் விடை தயாராக இருப்பதை உணர்ந்தார். எட்டு எழுத்தையும் நான்கு பேரையும் பற்றி மாமாவுக்கு விளக்கினார்.

அனவரதம் விரல்விட்டு எண்ணுவது கேட்டது. “நாளுக்கு ரெண்டு. மாசத்துக்கு ரெண்டு. வருசத்துக்கு நாலு. மாப்பிள்ளை, தேதியும் எட்டுதான் வருது!”

“கடவுள் சித்தம் மாமா.”

அன்று நான்கு பேரும் மூத்தவர் முதல் வரிசையாக அண்டாவுக்குள் இறங்கி, தங்களுக்கான இரண்டு எண்களைக் காதில் வாங்கிக்கொண்டு வந்தார்கள். கடைசி எண்ணைச் சொன்னதும், தான் மறந்துவிட்டதாகவும், குறித்து வைத்த தாளை அடுப்பில் போட்டுவிட்டதாகவும் அனவரதம் அறிவித்தார். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்திருப்பதும் ஆபத்துத்தானே.

பத்திரிகை அடிக்க அச்சகத்துக்கு நான்கு பேருமே போனார்கள். தேதி என்ன என்று அச்சகத்துக்காரர் கேட்டார். ஆவுடையப்பன் அவருக்குப் போனில் பாஸ்வேர்டுப் புள்ளிகளைக் காட்டி, இந்த மாதிரிதான் வரும் என்றார். பாவம், அவருக்கும் கல்யாண சீசன், வாதாட நேரமில்லை. மஞ்சள் தடவிய பத்திரிகை வந்தது. மேலே பிள்ளையார், நடுவில் ஆவுடையப்பன், உலகம்மாள், அதன் கீழே ‘நிகழும் மங்களகரமான’ என்று ஆரம்பித்து, எட்டுப் புள்ளிகள். கொம்பையா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மண்பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மோந்து குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

பந்தல் போட்டாயிற்று. வாழை கட்டியாயிற்று. மாதாமாதம் ஒரே தேதியில் ஆவுடையப்பன் மட்டும் விடியுமுன் குளித்து, பட்டு வேட்டி கட்டி, மாலையோடு அண்டாவுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். ஏன் என்று கேட்டால் சொல்வதில்லை. குற்றாலம் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, தனக்கு மட்டும் தெரிந்த ஏதோ ஒன்றை நினைத்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போகிறார்.

ஊரில் யாருக்கும் தேதி தெரியாது. பத்திரிகை வைத்துக் கூப்பிட்ட பிறகு போகாமல் இருக்கவும் முடியாது. ஆகவே ஊர் முழுக்கத் தினமும் சாப்பாட்டு நேரத்துக்கு ஒருநடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறது.

வந்தவர்களை நான்கு பேரும் வாசலிலேயே கும்பிட்டு வரவேற்கிறார்கள். கை நனைக்காமல் ஒருவரையும் அனுப்புவதில்லை. குழாயடியில் ஆளுக்கொரு சொம்போடு நின்று, வருகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு கையையும் நன்றாக நனைத்து, துண்டு கொடுத்து அனுப்பிவைக்கிறார்கள்.